பக்கத்து சீட் பிரேக்

போன வாரம் மாஸ்டர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேர் இரண்டு விஷயம் சொன்னார்கள்.

வெளியூரிலிருந்து வந்து இறங்கியிருந்த பெரியவன், "அப்பா, உங்களுக்கு ஒரு கார் வாங்கித் தரப் போறேன். சும்மா கார் இல்ல, தெருவே திரும்பிப் பாக்கற கார்" என்றான். அவன் தங்கை தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "டிரைவிங் ஸ்கூலை என் பேருக்கு மாத்திக் குடுத்துடுங்கப்பா" என்றாள்.

முதல் விஷயத்துக்கு மாஸ்டர் வாய் கொள்ளாமல் சிரித்தார். இரண்டாவது விஷயத்துக்கு, "காரைப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார்.

காருக்கும் ஸ்கூலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அதே கேள்விதான். ஆனால் அந்த வீட்டில் எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் வந்த வழக்கம் கிடையாது.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்காக இரண்டு வரி. மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். இப்போது வயதாகிவிட்டது, ஒரு முழங்கால் ஆபரேஷன் செய்தது. பள்ளியின் உரிமம் இனி அவர் பெயரில் தொடராது. இந்த மாதத்துக்குள் யார் பெயருக்காவது மாற்றியாக வேண்டும்.

யார் பெயருக்கு என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. விடியும் முன் ஸ்கூலின் பயிற்சி மைதானத்துக் கதவைத் திறப்பது மகள். அழுது வடியும் மாணவர்களை உட்காரவைத்து ஓட்டவைப்பது மகள். டயர் பஞ்சரானால் ஜாக்கி போட்டுத் தூக்குவதும் மகள்தான். ஊரே அவளை டீச்சர் என்கிறது. அப்பாவும் அண்ணனும் மட்டும், நாற்பதைத் தாண்டியவளை, இன்னும் பாப்பா என்கிறார்கள். பெரியவன் என்ன செய்தான் என்றால், ஊரை விட்டுப் போய் நன்றாகச் சம்பாதித்தான். இப்போது திரும்பி வந்து, "ஸ்கூலை என்கிட்ட விடுங்கப்பா, பத்து கிளை தொறந்து காட்டறேன்" என்கிறான். கிளட்ச் எந்தக் கால் என்று கேட்டால் குனிந்து பார்ப்பான்.

சரி, வண்டியில் ஏறுவோம்.

*

ஷோரூமுக்குக் கிளம்பியது ஸ்கூல் காரில்தான். டீச்சர் ஓட்ட, பக்கத்து சீட்டில் மாஸ்டர், பின்னால் பெரியவன்.

ஸ்கூல் காரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. படிக்கிறவன் பயந்து போய் எதையாவது மிதித்தாலும், மிதிக்காமல் விட்டாலும், பக்கத்தில் இருக்கும் மாஸ்டர் தன் காலால் வண்டியை நிறுத்திவிடலாம். மாஸ்டரின் கால் அந்தப் பிரேக்கின் மேலேயே வயதாகிப்போன கால்.

"ஏசி இல்லயா இதுல?" என்றான் பெரியவன்.

"இருக்கு. வேலை செய்யல" என்றாள் டீச்சர்.

"எப்படித்தான் இதுல காலம் தள்ளறீங்களோ!"

"தள்ளல. ஓட்டறோம்."

மாஸ்டர் இருமுவதுபோல் சிரிப்பை அடக்கிக்கொண்டார். முன்னால் சிவப்பு விளக்கு விழுந்தது. டீச்சர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். வண்டி மெல்ல வந்து கோட்டுக்குச் சரியாக நின்றது.

நிறுத்தியது அவள் இல்லை. மாஸ்டர். அவர் கால் இறங்கியது அவருக்கே தெரியாது. அவளுக்கும் தெரியாது. பதினெட்டு வயதில் அந்த சீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து, அப்பா பக்கத்தில் இருந்தால் வேகம் அவளுடையது, நிறுத்தம் அவருடையது. தனியாக ஓட்டும்போது அவள் மாதிரி பிரேக் பிடிக்க ஆள் கிடையாது. அவர் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவள் கால் பாதி வேலையை மறந்துவிடும்.

சாலையில் மட்டுமா? ஒரு பெரிய பஸ் கம்பெனியில் டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை அவளுக்கு வந்தது. "நீ போயிட்டா ஸ்கூலை யாரு பாக்கறது?" என்றார் அப்பா. நின்றுவிட்டாள். புருஷனோடு ஒத்துவராமல் திரும்பி வந்த பிறகு தனியாக வீடு பார்த்தாள். "நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்றார். நின்றுவிட்டாள். அந்த நான்கு பேரை அவள் இன்று வரை பார்த்ததில்லை.

இதற்கெல்லாம் சேர்த்து அவள் கேட்பது ஒன்றே ஒன்று. ஸ்கூல் வாசல் பலகையில் தன் பெயர்.

*

ஷோரூம் கண்ணாடி மாளிகையாக இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஆஸ்பத்திரி போல் ஒரு குளிர், ஆஸ்பத்திரி போல் ஓர் அமைதி. நடுவில் ஒரே மாதிரி மூன்று கார்கள், நீளமாக, பளபளவென்று, மூக்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றன.

கறுப்புக் கோட்டு போட்ட விற்பனைப் பெண் வேகமாக வந்தாள். பெரியவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மாஸ்டரைப் பார்த்ததும் நின்றாள்.

"மாஸ்டர்! என்னைத் தெரியலயா? உங்க ஸ்கூல்லதான் கத்துக்கிட்டேன். டீச்சர், நான்தான், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னா அழுவேனே!"

"சுவத்துல முட்டினவதானே?" என்றாள் டீச்சர்.

"ரெண்டு தடவை" என்று கோட்டுப் பெண் பெருமையாகச் சொன்னாள்.

பெரியவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவனுக்கு இந்த உறவு கொண்டாடுவதெல்லாம் பிடிக்காது. "காரைப் பத்திச் சொல்லுங்க" என்றான்.

அவள் சொன்னாள். மூன்றும் ஒரே உடம்பு. உள்ளே இருக்கும் இன்ஜின்தான் வேறு. முதலாவது சின்ன பெட்ரோல், நாலு சிலிண்டர், ஊருக்குள் ஓட்டப் போதும். இரண்டாவது டீசல், நெடுந்தூரம் போகிறவர்களுக்கு. மூன்றாவது பெரிய பெட்ரோல், ஆறு சிலிண்டர்.

"வெளிய பாத்தா எப்படித் தெரியும், எதுல எதுன்னு?" என்றான் பெரியவன்.

"பின்னாடி டிக்கியில எழுத்து இருக்கும் சார். பெருசுல புகைக் குழாய் ரெண்டு பக்கமும் இருக்கும்."

"சின்னதை வாங்கிட்டுப் பெருசோட எழுத்தை ஒட்டிக்க முடியாதா?" என்று கேட்டாள் டீச்சர்.

கோட்டுப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெரியவன் முகம் சுண்டிப்போயிற்று. மாஸ்டர் மட்டும், "சும்மா இரு பாப்பா" என்றார். அந்தச் சும்மா இரு அவள் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன ஒன்று.

*

முதலில் சின்ன இன்ஜின். பெரியவன் ஓட்டினான். மாஸ்டர் வழக்கம்போல் முன்னால் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். பின்னால் இரண்டு பெண்களும்.

பெரியவன் அப்பாவிடம் ஓட்டக் கற்றவன் இல்லை. ஒரு வாரம் வந்தான், ஒரு திட்டு வாங்கினான், போட்டி ஸ்கூலில் போய்ச் சேர்ந்துவிட்டான். மாஸ்டர் அதை வெளியில் சொல்வதே இல்லை. அதனால் அவன் கால் யாரையும் நம்பி வளர்ந்த கால் இல்லை. திடுக் திடுக்கென்று அவனேதான் பிரேக் போட்டான். ஒவ்வொரு தடவையும் நான்கு தலைகள் முன்னால் போய்ப் பின்னால் வந்தன.

மாஸ்டரின் கால் தரை விரிப்பில் அழுத்திக்கொண்டே வந்தது. அங்கே பிரேக் இல்லை என்பதை அந்தக் காலுக்கு யார் சொல்வது?

"இழுக்கல" என்றான் பெரியவன். இழுக்காததற்கு இன்ஜின் காரணம் இல்லை, அவன்தான் போகவிடவில்லை.

அடுத்தது டீசல். மாஸ்டரே ஓட்டினார். சொல்லக் கூடாது, அந்த வயதிலும் என்ன ஓட்டு! ஒரு குலுங்கல் கிடையாது. டீச்சருக்கு ஒரு நிமிஷம் எல்லாக் கோபமும் மறந்து பெருமையாக இருந்தது. இந்த மனுஷன் கையால்தான் நான் கற்றேன் என்று இருந்தது.

சிக்னலில் நின்றார்கள். நின்றதும் இன்ஜின் தானாக அணைந்தது. அந்த மாதிரிக் கார்களில் அப்படித்தான், எரிபொருள் மிச்சம் பிடிக்க.

மாஸ்டர் விருட்டென்று திரும்பினார். "யாரு கிளட்ச்சை விட்டது?"

"கிளட்ச்சே இல்ல மாஸ்டர் இதுல" என்றாள் கோட்டுப் பெண்.

"பின்ன எதுக்கு ஆஃப் ஆச்சு?"

"தானா ஆஃப் ஆகும், தானா ஸ்டார்ட் ஆகும்."

"அப்ப நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?" என்றார் மாஸ்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் திரும்பி வந்து இறங்கும்போது முழங்காலைத் தடவிக்கொண்டே, "இது வேணாம்பா, லாரி மாதிரி சத்தம்" என்றார். சத்தமே இல்லை. சத்தம் இருந்திருந்தால் அவருக்குப் பிடித்திருக்கும்.

*

"பெருசை பாப்பா ஓட்டட்டும்" என்றார் மாஸ்டர்.

பெரியவன், "அவளா? உங்களுக்குத்தானேப்பா கார்?" என்றான்.

"எனக்குத்தான். நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன். வண்டி எப்படின்னு பக்கத்து சீட்லதான் தெரியும்."

டீச்சர் முதலில் வேண்டாம் என்றுதான் நினைத்தாள். பிறகு ஏறினாள். பொத்தானை அழுத்த, சீட் அவள் உயரத்துக்கு நகர்ந்தது. ஸ்டியரிங்கில் கை வைத்தாள். நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு, இடது, வலது, மெதுவா என்று சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்தவள். தனக்கென்று ஒரு வண்டியைக் கடைசியாக ஓட்டியது எப்போது என்று நினைவில்லை.

ஊரைச் சுற்றிப் போகும் பெரிய சாலை வந்தது. முன்னால் காலி. கோட்டுப் பெண் பின்னாலிருந்து, "டீச்சர், இப்ப ஒரு மிதி மிதிங்க" என்றாள்.

மிதித்தாள்.

முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. இன்ஜின் ஒரு தடவை தொண்டையைக் கனைத்துவிட்டு, "இவ்வளவுதானா கேட்ட?" என்பதுபோல் இன்னும் கொடுத்தது. டீச்சர் சிரித்தாள். வாய்விட்டு, சின்னப் பிள்ளை மாதிரி. சந்தோஷமாக இருந்தது. வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை, சந்தோஷம்தான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவளுக்குத் தைரியம் வந்தது.

"அப்பா. ஸ்கூல் விஷயம் என்னாச்சு?"

"முதல்ல ரோட்டைப் பாரு."

"ரோட்டைப் பாத்துட்டுதான் கேக்கறேன்."

"அதெல்லாம் வீட்ல பேசிக்கலாம் பாப்பா" என்றான் பெரியவன், பின்னாலிருந்து.

"வீட்ல நீ பேசி முடிச்சாதானே அண்ணா நான் பேசறதுக்கு."

மாஸ்டர் அவள் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். அவள் வளைவில் வண்டியைத் திருப்பிய விதத்தைப் பார்த்தார். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல், "நல்லாத்தான் ஓட்டற" என்றார்.

டீச்சருக்குக் காது அடைத்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. ஒரு தடவை கூட அவர் வாயிலிருந்து வராத வார்த்தை.

"நான் யோசிச்சுப் பாத்தேன் பாப்பா. என்ன இருந்தாலும், வண்டி தெரிஞ்சவ நீதான். அதனால ஸ்கூலை..."

முன்னால் போய்க்கொண்டிருந்த பார்சல் வேன் சடாரென்று நின்றது. பின்விளக்கு இரண்டும் சிவந்தன.

டீச்சர் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். கால் ஆக்சிலேட்டரை விட்டு எழும்பியது. எழும்பி, காற்றில் நின்றது.

பக்கத்தில் மாஸ்டரின் கால் முழு பலத்தோடு கீழே இறங்கியது. விரிப்பு கசங்கியது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

அவள் அவருக்காகக் காத்திருந்தாள். அவர் வண்டிக்காகக் காத்திருந்தார். ஒரு விநாடிதான். அந்த ஒரு விநாடியில் வேன் மிகப் பெரிதாகிவிட்டது.

கீ கீயென்று மணி அடித்தது. பெல்ட் தோளை இறுக்கிப் பிடித்தது. கார் தானே பிரேக் போட்டு, தலைகீழாகக் கவிழ்வதுபோல் குனிந்து, வேனுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது.

"பாத்தீங்களா சார்" என்று ஆரம்பித்தாள் கோட்டுப் பெண். பழக்கத்தில் வாய் தானாகப் பேசிவிட்டது. "நாம பிரேக் போடலன்னாலும் இந்த மாடல் தானாவே..." அதற்குமேல் அவளால் முடியவில்லை. அவள் கண், முன் சீட்டின் அடியில் இன்னும் அழுந்தியபடியே இருந்த மாஸ்டரின் காலில் போய் நின்றது.

"நீ பிரேக்கே போடல" என்றான் பெரியவன். "பாப்பா, நீ பிரேக்கே போடல! பாத்துட்டேதான் இருந்தேன். நாலு பேரையும் கொன்னுருப்ப!"

டீச்சர் அப்பாவைப் பார்த்தாள்.

மாஸ்டர் மெல்லக் குனிந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். நிமிரவே இல்லை.

*

திரும்பும்போது பெரியவன் ஓட்டினான். ஷோரூமில் அவன் கோட்டுப் பெண்ணோடு மேஜைக்குப் போய்விட்டான். காபி மெஷின் பக்கத்தில் அப்பாவும் மகளும் மட்டும் நின்றார்கள். அவர் கையில் இருந்த கோப்பையை அவள் வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்க கால் அழுத்திச்சுல்லப்பா?"

"ம்."

"நான் உங்க காலுக்காகக் காத்துட்டிருந்தேன்."

"தெரியும் பாப்பா." குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "இத்தன வருஷப் பழக்கம். நான்தான் அப்படிப் பழக்கிட்டேன். தப்பு உன்னுது இல்ல."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த நாலு வார்த்தை கிடைத்ததே போதும் என்று இருந்தது. அழுகையோடு சிரித்துக்கொண்டே, "அதை அண்ணன்கிட்ட சொல்லுங்கப்பா. அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

மாஸ்டர் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார். பெரியவன் பெரிய இன்ஜின் காரைச் சுற்றி வந்து, டிக்கி எழுத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு ஆசையா வந்திருக்கான் பாரு" என்றார்.

"அப்பா..."

"இப்பப் போய், இல்லாத பிரேக்கை நான் மிதிச்சிட்டிருந்தேன்னு சொன்னா என்ன நினைப்பான்? இந்தாளுக்கு மூளை கலங்கிடுச்சு, இனிமே இவருக்குக் கார் எதுக்குன்னு நினைக்க மாட்டான்? நான் வாழ்நாள் பூரா அடுத்தவன் வண்டிலதான் உக்காந்தேன் பாப்பா. எனக்குன்னு ஒண்ணு வருது."

"அப்ப என்னைப் பத்தி அவன் என்ன வேணா நினைச்சுக்கலாமா?"

"நீ நம்ம பொண்ணு. உனக்குப் புரியும்."

புரியும் என்றுதான் அவளுக்கு எல்லாமே கிடைக்காமல் போனது. புரியாதவனுக்குக் கார் வாங்கிக் கொடுக்கவும் ஸ்கூல் வாங்கிக்கொள்ளவும் கொடுத்துவைத்திருக்கிறது. இதைச் சொன்னால் ஒருதலைப்பட்சமாக எழுதுகிறேன் என்று சண்டைக்கு வருவீர்கள். வாருங்கள். நான் டீச்சர் பக்கம்தான்.

*

மேஜையில் பெரியவன் தயாராக இருந்தான்.

"அப்பா, தானா பிரேக் போடற வசதி மூணுலயும் இருக்கான்னு கேட்டேன். பெரிய இன்ஜின்ல மட்டும்தான் கூடவே வருமாம். கண்ணால பாத்தாச்சு. அதையே எடுத்துடலாம்."

"சரிப்பா" என்றார் மாஸ்டர்.

வாழ்நாள் முழுக்க ஊருக்கே பிரேக் போட்ட மனிதர், தானே பிரேக் போடும் காருக்குத் தலையாட்டினார். கோட்டுப் பெண் மட்டும் நிமிராமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு. பாப்பா கோவிச்சுக்கக் கூடாது." பெரியவன் நாற்காலியை முன்னால் இழுத்தான். "இன்னைக்கு இவ ஓட்டினதைப் பாத்தோம். கார்ல அந்த வசதி இல்லன்னா இந்நேரம் ஆஸ்பத்திரி. இவ பேர்ல ஸ்கூலை எழுதி, நாளைக்குப் படிக்க வர்ற பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

டீச்சர் அண்ணனைப் பார்க்கவே இல்லை. அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் நேரம் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். காபி மெஷின் பக்கத்தில் வந்த அதே வாக்கியம், பத்து அடி தள்ளி, இந்த மேஜையில் வந்தால் போதும்.

மாஸ்டர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"பேரு பெரியவன் பேர்ல இருக்கட்டும்" என்றார்.

கோட்டுப் பெண்ணின் பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள்.

"நான்?" என்றாள் டீச்சர்.

"நீ எப்பவும் போலத்தான். நீ எங்க போகப் போற? கிளாஸ் நீதானே எடுப்ப. பேரு யாருதா இருந்தா என்னம்மா, வேலை செய்யப் போறது நீதானே?"

அவர் அதைத் திட்டிச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. ஆறுதலாகச் சொன்னார். மகள் தலையில் கை வைத்துச் சொல்வது மாதிரி அவ்வளவு அன்பாகச் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கைப்பையைத் திறந்தாள். ஸ்கூல் காரின் சாவியை எடுத்து மேஜை மேல், பளபளக்கும் விளம்பரப் புத்தகத்தின் மேலேயே வைத்தாள்.

"நாளைக்குக் காலைல பசங்க வருவாங்க. முதல் பேட்ச்ல ஒரு அம்மா இருக்காங்க, ரொம்பப் பயப்படுவாங்க, சத்தம் போடக் கூடாது" என்றாள் அண்ணனிடம். "ஸ்கூல் முதலாளியாச்சே. நேரத்துக்குப் போயிடு."

"என்ன பாப்பா இது, சின்னப் பிள்ளை மாதிரி" என்றான் பெரியவன்.

"ஆமாண்ணா. பாப்பாதானே."

எழுந்து நடந்தாள். தன்னைத் தானே திறந்துகொள்ளும் கண்ணாடிக் கதவு திறந்தது.

*

கோட்டுப் பெண் வாசல் வரைக்கும் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"டீச்சர், நில்லுங்க. நான் பாத்தேன். மாஸ்டரோட காலைப் பாத்தேன். நானும் அந்த வண்டில கத்துக்கிட்டவதானே, எனக்குத் தெரியாதா? உள்ள போய் உங்க அண்ணன்கிட்ட சொல்லிடறேன்."

"சொன்னா உன் வியாபாரம் போயிடும்."

"போனாப் போகட்டும்."

டீச்சர் திரும்பிக் கண்ணாடி வழியே பார்த்தாள். மாஸ்டரைப் பெரிய காரில் டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, பெரியவன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிரிப்பு. பொய்ச் சிரிப்பு என்று சொல்லிவிடலாம் என்று பார்த்தாள். இல்லை, நிஜமாகவே சிரித்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்" என்றாள். "நீ சொல்லி அண்ணனுக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? அப்பாக்குத் தெரியும்மா. தெரிஞ்சுதான் உக்காந்திருக்காரு."

கோட்டுப் பெண் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

டீச்சர் தெருவில் இறங்கி நடந்தாள். வெயில் ஏறியிருந்தது. நடந்து போய் நெடுநாள் ஆயிற்று. பிளாட்பாரத்தில் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்றுகூடக் கால் தடுமாறியது. யாரோ ஒருவன் இடித்துவிட்டு, "பாத்துப் போம்மா" என்றான்.

நாலு கடை தாண்டுவதற்குள் செல்போன் அடித்தது. அப்பா.

எடுக்கக் கூடாது என்று நினைத்தாள். எடுத்துவிட்டாள்.

"பாப்பா."

"சொல்லுங்கப்பா."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் யாரும் இல்லை போலிருந்தது. தனியாக வந்து பேசுகிறார். டீச்சர் நடப்பதை நிறுத்திவிட்டாள். சொல்லுங்க, சொல்லிடுங்கப்பா என்று மனசுக்குள் கெஞ்சினாள். நாற்பது வயதுக்கு மேல் அப்படி ஒருத்தரிடம் கெஞ்சுவது வெட்கம்தான். கெஞ்சினாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றார் மாஸ்டர்.

"சொல்லுங்கப்பா."

"நாளைக்கு ஒரு அரை மணி முன்னாடியே வந்துடு. அண்ணனுக்கு எல்லாத்தையும் காட்டிக் குடுக்கணும்."

ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. போகட்டும் என்று காத்திருந்தாள்.

சரிப்பா என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பழகிப்போன வார்த்தை, கூப்பிடாமலே வரும். அதை விழுங்கினாள்.

"வரமாட்டேன்ப்பா" என்றாள்.

"என்ன?" என்றார் அவர், காது கேட்காதவர் மாதிரி.

இரண்டாவது தடவை அவள் சொல்லவில்லை. போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டாள். போடும்போது விரலில் ஏதோ இடித்தது. கனமான, பழைய இரும்புச் சாவி. மைதானத்துக் கதவின் சாவி. அதற்கு இன்னொரு சாவி கிடையாது.

காரின் சாவியை மட்டும்தான் மேஜையில் வைத்திருக்கிறாள். இதை மறந்துவிட்டாளா, வைக்க மனம் வரவில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. திருப்பிக் கொடுக்க ஓர் அடி எடுத்து வைத்தாள். பிறகு கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.